மூன்றாவது நிரல்

யூனியன் பிளேஸ், ஆறாம் மாடி, இரவு வேலை.
தொலைந்த பெட்டிகளுக்கு நாங்கள் பொறுப்பு.
பொகோட்டாவில் ஏறி மட்ரிட்டில் இறங்காத பெட்டிகள்,
இறங்கியும் ஒருவருக்கும் சொல்லாமல்
வேறெங்கோ போய்விட்ட பெட்டிகள்.

மொனிட்டர் ஓரத்தில் டில்ஹானி ஒட்டிவிட்ட தாள்:
இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் ஸ்பானிஷ்.
ஹாய் என்றால் ஓலா.
ஹவ் ஆர் யூ என்றால் கோமோ எஸ்தாஸ்.
வாட்ஸ் அப் என்றால் கே பாசா அல்லது கே தால்.
வயதானவர்களிடம் இரண்டும் வேண்டாம் என்று
சிவப்பு மையில் ஒரு குறிப்பு.

மூன்றாவது நிரலைப் பென்சிலால் நானே கீறினேன்.
வாட்ஸ் அப்: மேலே என்ன?
மேலே ஏசி. அது சொட்டும் தண்ணீருக்கு
இஃப்ஹாம் வைத்த ஐஸ்கிரீம் டப்பா.
கே பாசா: என்ன கடந்துபோகிறது?
கீழே, இந்த நேரத்தில், ஒரேயொரு த்ரீவீலர்.
கே தாலுக்கு முன்னால் வெகுநேரம் இருந்துவிட்டு
'என்ன மாதிரி' என்று எழுதினேன்.
பக்கத்தில் வைத்துப் பார்த்தால்
ஒரே தையற்காரன் தைத்த இரண்டு சட்டைகள்.

ஹெட்செட்டில் என் பெயர் காபி.
விடியப்புறம் மூன்று மணிக்குக் கோகுலவாணியை
யாருக்கு எழுத்துக்கூட்டுவது?

வாசலில் காவலிருக்கும் சரத்சேன
ஒவ்வொரு நாளும் கேட்பார்: கொஹொமத மிஸ்?
வரதக் நே, என்பேன். குற்றம் ஒன்றுமில்லை.
பொலிஸ் புத்தகத்தில் எழுதிக்
கையெழுத்து வாங்கும் வசனம் மாதிரி.

கொஹெத யன்னே என்பதும் அவருடைய பாஷையில்
சும்மா ஒரு முகமன்தான்.
மல்லே பொல் என்று சிரித்துவிட்டுப் போகலாம்.
எங்கே போகிறாய், பையில் தேங்காய்.
இரண்டாயிரத்து ஏழில், வெள்ளவத்தைப் பாலத்தடியில்,
அதே இரண்டு சொற்களை அப்பாவிடம் கேட்டார்கள்.
அவருடைய பையில் உண்மையாகவே தேங்காய் இருந்தது.
மற்றக் கையில் நான் இருந்தேன்.
என் கையை விட்டுவிட்டு
அடையாள அட்டையை எடுத்து நீட்டினார்.

நேற்றிரவு வெராக்ரூஸிலிருந்து ஒருவர்.
பெட்டி போய் ஐந்து நாள்.
கத்தப்போகிறார் என்று தொண்டையைச் செருமிக்கொண்டேன்.
கே ஓண்டா, காபி, என்றார்.
தாளில் இல்லாத சொல்.
மியூட்டில் போட்டுவிட்டு இஃப்ஹாமைப் பார்த்தேன்.
போனில் தட்டிப் பார்த்து, 'என்ன அலையாம்' என்றான்.
'என்ன அலை?'
'எனக்கென்ன தெரியும். அலையாம்.'

எங்கிருந்து பேசுகிறோம் என்று சொல்லக்கூடாது, சட்டம்.
அலை பெரிசு சேர், என்றேன்,
ஒரு கிழமையாக மீன்காரர் போகவில்லை.
அந்தாள் சிரித்த சிரிப்பில் ஹெட்செட் கரகரத்தது.
பெட்டியில் என்ன இருந்தது? படிவத்தில் கேட்டிருக்கிறது.
தம்பியின் கல்யாணத்துக்கு வாங்கிய சப்பாத்து.
கல்யாணம்?
முடிந்துவிட்டது. மச்சானின் சப்பாத்தில் ஆடினேன்,
இரண்டு அளவு பெரிசு.
சப்பாத்து, கறுப்பு, ஒரு சோடி, என்று பதிந்தேன்.
ஆடியதற்குப் படிவத்தில் இடமில்லை.

காலையில் இறங்கினால் மழை இருட்டு.
கொஹெத யன்னே மிஸ், என்றார் சரத்சேன,
வழமையான கேள்வியை விட்டுவிட்டு.
கை தானாகக் கைப்பைக்குள் போய்
அட்டையைத் தொட்டுவிட்டது.
அதன் பிறகுதான் வாய் திறந்தது: மல்லே பொல்.
அவருக்குக் கேட்கவில்லை.
யாரோ ஒருவரின் காருக்கு கேற்றைத் திறந்துகொண்டிருந்தார்.

கொம்பனித்தெருவில் ஏறினேன். வாசலோரம்தான் இடம்.
ஓலாவை எச் இல்லாமல் எழுதினால்
அதுவும் அலைதானாம், இஃப்ஹாம் சொன்னான்,
வாய்க்கு வித்தியாசம் தெரியாதாம்.
பம்பலப்பிட்டி தாண்டியதும் கல்லில் மோதிய ஒன்று
ரயிலுக்குள்ளேயே வந்துவிட்டது.
பள்ளிக்கூடப் பெடியன் ஒருவன்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.
நான் துடைக்கவில்லை.
உதட்டில் உப்பு.