புளி போட்டுத் தேய்த்தது

அக்னி தீர்த்தத்தில்
கயிற்றில் கட்டிய காந்தம் எஃகைத்தான் தூக்கும்.
செம்பு அதற்கு ஒட்டாது.
செம்புக்குக் கால்விரல் வேண்டும்.

ஆடி அமாவாசை கழிந்த மூன்றாம் நாள்
என் வலது பெருவிரலுக்கு ஒன்று அகப்பட்டது.
பச்சை பூத்து, சிப்பித்தூள் அப்பி,
கருவாட்டின் கண் போல.

வீட்டுக்குக் கொண்டுபோய்ப்
புளி போட்டுத் தேய்த்தேன்.
சின்னக் காளை ஒன்று படுத்திருந்தது தெரிந்தது.
விடிய விடியத் தேய்த்தேன்.

கீழக்கரை சீனி நெய்னா
லென்ஸை எடுத்தார், உடனே கீழே வைத்தார்.
"பச்சைதாம்மா இதோட வயசு.
வயசையே உரிச்சு எடுத்துட்டியே.
ஐயாயிரம் போயிருக்கும். இப்ப நானூறு."

பஸ்ஸுக்கு எடுத்த சில்லறையில்
ஒரு ரூபாய் நழுவி மேசையில் உருண்டது.
அச்சு விலகி அடித்தது.
சிங்கத்தலை பாதி, மீதி வெறும் தகடு.
மண்டபம் டீக்கடையில் வாங்கவில்லை,
கண்டக்டர் முகத்துக்கு நேரே நீட்டித் திருப்பித் தந்தார்.

"இதைத் தேய்ச்சியா?" குரல் மாறியிருந்தது.
"செல்லாக்காசுக்கு எதுக்கு பாய் புளி?"

இரண்டாயிரத்து ஐந்நூறு.
எச்சில் தொட்டு இரண்டுமுறை எண்ணித் தந்தார்.

பாம்பன் பாலத்தில் பஸ் ஏறும்போதுதான் தோன்றியது:
அதுவும் நான் கடலில் எடுத்ததுதான்.
எந்தக் கடையிலும் மாறாத காசைத்தான்
யாரோ
அப்பன் பேருக்குத் தண்ணீரில் விட்டிருக்கிறான்.

கண்டக்டர் மீதி கொடுத்தார், மூன்று ரூபாய்.
ஒவ்வொன்றாய்ப் புரட்டிப் பார்த்தேன்.
எல்லாம் ஒழுங்கான காசு.
சே.