தூக்குப்பாலத்தில் இரவுப்பணி

டுலூத் துறைமுகம். கப்பல் வராத மாதம்.
ஏரியெங்கும் பனிக்கட்டி.
ஹீட்டருக்குப் பக்கத்தில் நான்காம் தொகுதியைப் பிரிக்கிறேன்.
ஒன்பது பேர் எழுதும் ஒரே நகரம்,
வெஸ்மார்.

முதல் தொகுதியில் ஆறு வடக்கே ஓடியது.
அடுத்தவர் அதைத் தெற்கே திருப்பிவிட்டார்,
யாரையும் கேட்காமல்.
சுங்கம் வாங்கும் டோர்வெனுக்கு
ஒருத்தர் கதையில் இடக்கண் இல்லை,
இன்னொருத்தர் கதையில் வலக்கண்.
இரண்டையும் படித்த எனக்கு
அவன் முழுக்குருடன், பாவம்.

மூன்றாம் தொகுதி, பக்கம் இருநூற்றுப் பதினொன்று:
அவனைக் கொன்றார்கள்.
அது நவம்பர். வாசலில் ஒரு கப்பல்
ரேடியோவில் மூன்று தடவை கூப்பிட்ட பிறகுதான்
பாலத்தைத் தூக்கினேன்.

இப்போது ஆறாவது கதை.
எழுதியவர் பெயர் புதிது.
மீன்கடை வாசலில் டோர்வென் நிற்கிறான்,
சில்லறை எண்ணிக்கொண்டு.
மந்திரம், மறுபிறப்பு, இரட்டைச் சகோதரன்,
ஒரு விளக்கமும் கிடையாது.
அவருக்குச் சாவுச்செய்தி போய்ச் சேரவில்லையோ,
சேர்ந்தும் மனசு ஒப்பவில்லையோ.

நாலரைக்குப் பணிக்குறிப்பேட்டை எடுத்தேன்.
எனக்கு முந்தைய ஷிப்டில் ஆர்விட்டின் கோணல் எழுத்து:
‘வடக்குக் கைப்பிடியில் வெள்ளாந்தை மோதியது. இறந்துவிட்டது.’

டார்ச்சோடு போய்ப் பார்த்தேன்.
கம்பியில் உறைந்த இறகு ஒன்று.
பனியில் கால்தடங்கள்,
ஓரம்வரை போய் நின்றுபோனவை.
கடற்காகத்தின் கால்களாகவும் இருக்கலாம்.

கையுறையைக் கழற்றி
அவன் வரிக்குக் கீழே எழுதினேன்:
‘ஆந்தை கிளம்பிவிட்டது. மர்லிஸ்.’

ஆறு மணிக்கு செல்மர் வருவான்.