மூன்று பனிக்காரர்கள்

பங்க்ராட்ஸ், செர்வாட்ஸ், போனிஃபாட்ஸ்.
மே பன்னிரண்டு முதல் பதினான்கு வரை
நாள்காட்டியில் பெயர் போட்டுக்கொண்டே வரும்
மூன்று பனிக்காரர்கள்.
அவர்கள் ஊரைத் தாண்டும்வரை
தக்காளியை வெளியே விடாதே என்பது
ஓலொமோட்ஸில் தொட்டில் பிள்ளைக்கும் தெரியும்.
எனக்கும் தெரியும்.

ஆனால் ஏப்ரல் முழுக்க வெயில் பல்லைக் காட்டியது.
ஜன்னல் விளிம்பில், தயிர்க்கோப்பைகளில்,
நாற்றுகள் கழுத்து நீண்டு
கண்ணாடியில் முகம் தேய்த்தன.
எட்டாம் தேதியே நட்டுவிட்டேன்.
நாற்பத்தோரு செடி.

பங்க்ராட்ஸ் வந்த சுவடே இல்லை.
செர்வாட்ஸ் மழையோடு வந்தான்;
ஓடில்லா நத்தைகள் லெட்யூஸ் பாத்தியில்
பந்தி உட்கார்ந்து எழுந்தன.
பதினான்கு பிறந்து ஒன்றரை மணிக்குத் தொலைபேசி.
சிக்னல் அறையிலிருந்து ரடோவான்:
"ஹெட்விகா, இங்கே தண்டவாளம் வெளுக்கிறது."

செருப்பைக் கால் மாற்றி மாட்டிக்கொண்டு ஓடினேன்.
படுக்கை விரிப்பு, திரைச்சீலை, வாளி,
சூப் பானை, சைக்கிள் தொப்பி,
முப்பத்தெட்டோடு வீடு காலி.
கோட்டைக் கழற்றி இரண்டைப் போர்த்தினேன்.
கடைசிச் செடியருகே
இரவு உடையில் குந்தி
டார்ச்சை அதன்மேல் அடித்தபடி இருந்தேன்,
வெளிச்சமும் சூடுதான் என்று.

விடிந்தபோது அது
வெந்த கீரையாய்த் தொங்கியது.
தண்டின் அடியில் மட்டும், விரற்கடை உயரம்,
பச்சை மாதிரி ஏதோ.
பிடுங்கவில்லை.

வேலை முடிந்து வந்த ரடோவான்
வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.
அவர் பாத்தி வெறும் மண்.
"எட்டாம் தேதியா?" என்றார்.
"சைக்கிள் எடுக்கணுமா?
தொப்பி வேலையில் இருக்கிறது" என்றேன்.

நாளை ஜோஃபியே வருவாள்,
அவர்களுக்குப் பின்னால், ஈரப் பாவாடையோடு.
விரிப்புகளைக் கொடியில் போட்டிருக்கிறேன்.
மடிக்கவில்லை.