தெரியுமாம்

பாபுராவ் தெரு. ஆஸ்பத்திரிக்கு நாலு எட்டு.
முப்பத்திரண்டு அறை, ஒரு லிஃப்ட். அது ஓடாது.
இரவு கவுன்டரில் நான், முனிரத்தினம்.
வங்காளம் பேசுவேன், படிக்க வராது.
பதினோரு வருஷம் சாவி கொடுத்துக் கொடுத்து
வந்து ஒட்டிக்கொண்ட பாஷை.

207-ல் மால்டாக்காரர்கள்.
அனிமேஷ் சர்க்கார், தபால் இலாகா. மனைவி பூரபி.

திங்கள் காலை அவர் மட்டும் படியிறங்கி வந்தார்.
டாக்டர் சொல்லிவிட்டாராம்.
"அவளுக்குத் தெரிய வேண்டாம், மொனிபாபு."
சரி என்றேன்.
சாயங்காலம் பால் வாங்குகிற சாக்கில் அந்தம்மா.
லேபில் நின்று நகல் வாங்கிவிட்டார்களாம்.
"அவருக்குத் தெரியக் கூடாது, தாதா."
(தாதா என்றால் அவர்கள் ஊரில் அண்ணன்.)
அதற்கும் சரி என்றேன்.

ஆக, அவருக்குத் தெரியும்.
அந்தம்மாவுக்குத் தெரியும்.
அந்தம்மாவுக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது.
அவருக்குத் தெரியும் என்பது அந்தம்மாவுக்குத் தெரியாது.
இவ்வளவும் தெரிந்தவன்
விருந்தினர் நகைகளோடு சேர்த்து
லாக்கரில் வைத்துப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ரிப்போர்ட்டை நானும் பார்த்தேன்.
"இல்லையென்று தள்ளிவிட முடியாது"
என்கிற மாதிரி ஒரு இங்கிலீஷ்.
இரண்டு இல்லை சேர்ந்தால் ஒரு இருக்கு,
பள்ளிக்கூடத்துக் கணக்கில்.
இந்தத் தெருவில் அது வெறும் லாம்.
இருக்கலாம்.

எவ்வளவு இடம் கொடுக்கிறது இந்த லாம்!
குளிக்கலாம் என்றால் உத்தரவு,
மழை வரலாம் என்றால் ஊகம்.
வீட்டுக்குப் போகலாம் என்று
டாக்டர் சொல்கிறாரே,
அது எந்த லாம்?

புதன் ராத்திரி கரண்ட் இல்லை.
இரண்டு பேரும் கீழே வந்து விசிறிக்கொண்டார்கள்.
காட்பாடியிலிருந்து வரும்போது
அவ்வளவு நீளப் பாலம் இருந்ததே,
அடியில் நதி எங்கே என்று கேட்டார்
கங்கைக் கரைக்காரர்.
அதுதான் நதி, பாலாறு. தண்ணி மணலுக்குக் கீழே ஓடுதாம்.
ஓடுதா, ஓடுதாமா?
நான் பார்த்ததில்லை. சொல்கிறார்கள். அதற்குத்தான் அந்த ஆம்.
"ஓ, நாக்கி!" என்றார்.
அவர்களிடமும் இருக்கிறது அப்படி ஒரு சொல்,
வாக்கியத்தின் வாலில், கண்ணால் காணாததற்கு.
நாக்கி, நாக்கி என்று அந்தம்மாவும் சிரித்தார்கள்.
மெழுகுவத்தி வெளிச்சத்தில்
ஒருவர் முகத்தை மற்றவர் பார்க்காமல்
சிரித்தார்கள்.

வியாழன், அறை புதுப்பிக்கிற நாள்.
எத்தனை நாளுக்கு என்றேன்.
ஒரு மாசத்துக்குப் பேசி வந்தவர்கள்.
"ஞாயிறு வரை."
இரண்டு வாயும் ஒரே மூச்சில்.

அவர் அந்தம்மாவைப் பார்த்தார்.
பார்த்ததை அந்தம்மா பார்த்தார்கள்.
அவர்கள் பார்த்ததைப் பார்த்துவிட்டு அவர்
சுவரிலிருந்த நகைக்கடைக் காலண்டரைப் பார்த்தார்.
அவர் காலண்டரைப் பார்த்தது எதற்கென்று அந்தம்மா...
அதற்கு மேல் எண்ண எனக்கு வரவில்லை.
ஒரு படி ஏறினால் இன்னொரு படி,
லிஃப்ட் ஓடாத கட்டடம்.

தெரிந்ததையே சத்தமாகச் சொல்வதில் என்ன லாபம்,
என்பார் எங்கள் முதலாளி.
இருக்கிறது, சார்.
யாராவது ஒருத்தர் அந்தச் சொல்லை அங்கே போட்டிருந்தால்
அத்தனை படியும் அந்த நொடியே தரைமட்டம்.
சொல் என் நாக்கிலேயே இருந்தது, இரண்டு பாஷையிலும்.
"மூணு நாள் வாடகை, ஜிஎஸ்டி தனி" என்றேன்.

ஞாயிறு விடியற்காலை ரயில்.
கொண்டுபோய் விட்டது சம்பங்கியின் ஆட்டோ.
திரும்பி வந்து டீ குடித்துக்கொண்டே சொன்னான்:
பாலத்து மேல நிறுத்தச் சொன்னாங்கண்ணா.
ரெண்டு பேரும் கீழ எட்டிப் பாத்துகினே இருந்தாங்க.
வெறும் மணல், இன்னா கீது அங்க பாக்க?
ஏதோ பேசிக்கினாங்க. அவங்க பாஷை, எனக்கு இன்னா தெரியும்?
யார் முதலில் பேசியது?
தெரியலண்ணா.
அழுதாங்களா?

காத்துண்ணா.
கண்ணுல மண்ணு விழுந்திருக்கலாம்.