இடஞ்சுழி

கார் நிறுத்துமிடத்துப் பலகை
மலையைச் சுற்றிப் பதினான்கு கிலோமீட்டர்,
ஏழு மணி நேரம் என்றது.
எந்தப் பக்கம் தொடங்குவது என்று சொல்லவில்லை.

சண்டை அங்கேதான்.

செங்குத்தில் ஏறு, சரிவில் இறங்கு,
முழங்காலுக்கு அதுதான் நல்லது என்றான் லுட்விக்.
முழங்கால் அவனுடையது.
இருபத்திரண்டு கோடைகளாக
ஜூலியன் ஆல்ப்ஸின் மலைகளையெல்லாம்
அந்த முழங்கால் போன வழியில்தான் பார்த்திருக்கிறேன்:
ஒரு முதுகுப்பை,
அதில் தொங்கி ஆடும் தகரக் குவளை,
இரண்டுக்கும் அப்பால் கொஞ்சம் மலை.

"அப்படியானால் நீ வலம் போ" என்றேன்,
"நான் இடம்."

தெர்மாஸ் அவனோடு போயிற்று.
ரொட்டியும் பாலாடைக்கட்டியும் என்னோடு.
கார் சாவி யாரிடம் என்று
கோபத்தில் யார் பார்த்தோம்.

என் பாதை பசுக்களுக்கு நடுவே போனது.
மேய்ச்சல் குடிசையில் ஒருத்தி மோர் ஊற்றினாள்.
"தனியாகவா?"
"அவர் அந்தப் பக்கம் போய்விட்டார்."
சொன்ன விதம் சரியில்லை போலும்.
காசு வாங்க மறுத்துவிட்டாள்.

பிறகு குட்டைப் பைன் புதர்கள்.
பாறைக்குப் பாறை சிவப்பு வளையம், நடுவே வெள்ளைப் பொட்டு.
விடியுமுன் ஏறியவர்கள் இறங்கி வந்தார்கள்,
ஒவ்வொருவரும் வணக்கம் சொன்னார்கள்.
எல்லோரும் எதிரேதான் வந்தார்கள்.

கடைசித் தோளில் ஏறி நிமிர்ந்தபோது
முன்னால் முதுகுப்பை இல்லை.

வடக்கே நீலத்தின் மேல் நீலம்,
அதன் மேல் வெள்ளை, அது ஆஸ்திரியா.
மேற்கே உடைந்த பல்வரிசையாய் இத்தாலி.
கீழே ஏரி, என் கட்டைவிரல் மறைத்துவிடும் அளவு.
தெற்கே, வெகு தெற்கே,
வானம் நிலத்தைத் தொடுமிடத்தில்
ஒரு கீற்று, தேய்த்த தகரம் போல.
கடல்.
தெரியும் தெரியும் என்பான்.
நாங்கள் சேர்ந்து ஏறிய நாளெல்லாம் மேகம்.

உச்சியில் இரும்புப் பெட்டிக்குள் பதிவேடு,
நூல் கட்டிய பென்சில்.
பெயர்: ஸ்வோங்கா.
எங்கிருந்து: கீழிருந்து.
எங்கே: கீழே.
ஒரு மணி நேரம் காத்திருந்தேன்.
கறுப்புக் காகங்கள் ரொட்டியைக் கணக்குப் பார்த்தன.

வந்தான்.
முகம் சுண்ணாம்பு,
ஒரு கையில் மட்டும் கையுறை.
"பனி கொஞ்சம் இருந்தது" என்றான்.
தேநீர் ஊற்றினான்; குவளையின் விளிம்பு
தெர்மாஸில் தட்டித் தட்டி ஒலித்தது.
தெற்கே காட்டினேன்.
அதற்குள் மூட்டம் ஏறியிருந்தது.
"நான் பார்த்தேன்" என்றேன்.
"நல்லது" என்றான்.
உண்மையாகத்தான் சொன்னான்.

"இந்தப் பக்கமே இறங்கிவிடேன், என்னோடு."
"என் சுற்று பாதியில் இருக்கிறது."
சாவியைக் கொடுத்தேன்.
கையுறை இல்லாத கையில் வாங்கினான்,
அது சில்லிட்டிருந்தது.

செங்குத்து செங்குத்தாகவே இருந்தது.
இரும்பு முளைகள், முறுக்குக் கம்பி,
காலுக்கும் பள்ளத்தாக்குக்கும் நடுவே என் பூட்ஸ் மட்டும்.
பாறை இடுக்கு ஒன்றில்
ஜூன் தாண்டியும் உருகாத பனி,
பத்தடி அகலம், சாய்வாக.

அதில் அவன் காலடிகள்.
மூன்று எட்டு போயிருந்தன, திரும்பியிருந்தன.
ஐந்து எட்டு போயிருந்தன, திரும்பியிருந்தன.
மறுபடி.
இக்கரையில், பாறையோரம்,
ஒருவன் நெடுநேரம் உட்கார்ந்த குழி.
கம்பியின் கொக்கியில் கையுறை,
விரல்கள் இன்னும் மடங்கியபடி.

இருபத்திரண்டு கோடைகள்
எப்போதும் அவன் முன்னால்.
முகத்தை நான் எப்படிப் பார்த்திருப்பேன்?

கடைசியாக அவன் கடந்து வந்த தடத்தில்,
குதிகால் இருந்த இடத்தில் விரல்களும்
விரல்கள் இருந்த இடத்தில் குதிகாலுமாக
என் காலை வைத்து வைத்துக் கடந்தேன்.
அவன் எட்டு எனக்குக் கொஞ்சம் அகலம்.

இருட்டும் வேளை.
காருக்குள் விளக்கைப் போட்டு வைத்திருந்தான்.
ஏறி உட்கார்ந்து
கையுறையை கியருக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"எப்படி இருந்தது?"

"பனி கொஞ்சம் இருந்தது."

ஹீட்டரைக் கூட்டி வைத்தான்.