ஆறு வெள்ளி இருபது காசு

தண்ணீர் பில்லின் முதுகில் எழுதினேன்:
கோலாலம்பூர், மூன்று நாள், ஒரு ஆள்.
ஒரு ஆள் என்பதை மட்டும் இன்னொரு முறை எழுதினேன்,
பேனாவில் மை இருக்கிறதா என்று பார்ப்பவள் போல.

கையிருப்பு நானூற்று ஐம்பது வெள்ளி.
கையுறைத் தொழிற்சாலையில்
ஆறு ஞாயிறு ஓ.டி. செய்த காசு.
நான் போட்டு விடுறேம்மா என்றாள் மகள்,
சிங்கப்பூரிலிருந்து.
வேண்டாம், நீ போட்டால்
நீ சொல்கிற இடத்துக்கெல்லாம் போக வேண்டிவரும்.

தைப்பிங்கிலிருந்து ரயில், போக வரத் தொண்ணூற்றிரண்டு.
பிரிக்பீல்ட்ஸில் அறை, இரண்டு இரவு, நூற்று நாற்பது.
ஜன்னல் இல்லாத அறை நூற்றுப் பத்துதான்.
தூங்குகிறவளுக்கு ஜன்னல் எதற்கு?
எழுதினேன், அடித்தேன்,
நூற்று நாற்பதையே திரும்ப வைத்தேன்.

கோபுரத்தின் மேலே ஏற டிக்கெட் விலை கேட்டபின்
கீழே நின்று பார்ப்பதென்று முடிவு.
கழுத்து வலித்தால் தைலம் பையில் இருக்கிறது.
பசியாற நாளுக்கு ஐந்து.
வாழையிலைச் சோறு ஒரு நாள்,
மற்ற நாளெல்லாம் நாசி லெமாக்.
குடை தேவையில்லை, மழை வராது.
(இதை எழுதியதும் நான்தான்.)

யாருக்கு என்ன வாங்க வேண்டும் என்று
பழக்கத்தில் கை தானாக ஒரு தலைப்பு போட்டது.
கீழே கோடு கிழித்துவிட்டுக் காத்திருந்தேன்.
ஒரு பெயரும் வரவில்லை.
குணசீலன் இருந்தபோது நான்கு தடவை கே.எல். போனோம்:
இரண்டு கல்யாணம், ஒரு சாவு, ஒரு ஆஸ்பத்திரி.
நான் பார்த்த நகரம்
அவர் காரின் இடப்பக்கக் கண்ணாடி அளவு.

மஸ்ஜிட் இந்தியாவில் இறங்கிய பத்தாவது நிமிடம்
மழை.
குடை, பதினைந்து வெள்ளி.
கறுப்புக் கண்ணாடி, பன்னிரண்டு.
மழையில் கறுப்புக் கண்ணாடி வாங்கியவளைக்
கடைக்காரப் பையன் ஒரு மாதிரிப் பார்த்தான்.
அன்று இரவு அறைக்குள் போட்டுக்கொண்டு
கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.
ஜன்னலுக்கு வெளியே ஒன்பது ஏர்கோன் பெட்டிகள்,
ஒன்றின்மேல் யார் வீட்டுப் பிள்ளையுடையதோ
ஒரு பள்ளிக் காலுறை, நனைந்து.
முப்பது வெள்ளிக்கு இதுதான் காட்சி.
நெடுநேரம் மூடவில்லை.

இரண்டாம் நாள் தப்பான ரயிலில் ஏறிவிட்டேன்.
அது கோம்பாக் போகிறது என்றாள் பக்கத்திலிருந்த சீனப் பெண்.
சரி, போகட்டும் என்றேன்.
அவள் சிரித்தாள், நான் விளையாடவில்லை.
கூரைகள், கொடியில் துணிகள்,
பூட்டிய பாடசாலைத் திடல் ஒன்று,
கடைசி நிறுத்தம்.
இறங்கி, எதிர்ப்பக்கம் போய்,
அதே கூரைகளை மறுபுறமிருந்து பார்த்தபடி திரும்பினேன்.
யாரும் என்னிடம்
எங்கே போயிருந்தாய் என்று கேட்கவில்லை.

திரும்பும் ரயிலில் பில்லை விரித்துக் கணக்குப் பார்த்தேன்.
ஆறு வெள்ளி இருபது காசு இடித்தது.
வேலையிடத்தில் ஒரு பெட்டிக்கு நூறு கையுறை,
தொண்ணூற்றொன்பது என்றால்
பெட்டி என் மேசைக்கே திரும்பி வரும்.
பதினெட்டு வருடமாக எண்ணுகிற விரல்கள்.
இரண்டாவது தே தாரேக்கா?
பேருந்து நிறுத்தத்தில் சில்லறை விழுந்ததா?
தஞ்சோங் மாலிமில் ஒரு தடவை கூட்டினேன்,
கம்பாரில் ஒரு தடவை.
ஈப்போ தாண்டியதும் பேனாவை எடுத்து எழுதினேன்:
தெரியவில்லை, 6.20.
அதையும் சேர்த்ததும்
கூட்டல் சரியாக வந்தது.

தைப்பிங்கில் இறங்கினால்
கொட்டுகிறது.
குடை
பிரிக்பீல்ட்ஸ் அறையில்,
கதவுக்குப் பின்னால்.