பனி தங்கிய கூரை

டுலூத். ஜனவரி. பூச்சியத்துக்குக் கீழே பத்தொன்பது.
கார்க் கதவு முனகித்தான் திறந்தது.
வீடுகளுக்கு மதிப்புச் சொல்வது என் பிழைப்பு;
விற்பவருக்காக அல்ல, வாங்குபவருக்காகவும் அல்ல,
கடன் கொடுக்கிற வங்கிக்காக.

இறங்கியதும் கூரையைத்தான் பார்த்தேன்.
முழங்கால் உயரப் பனி
ஓரம் வரைக்கும் கலையாமல் கிடந்தது.
பக்கத்து வீட்டுக்கோ நடுமண்டையில் வழுக்கை;
இறவாரத்தில் ஆளுயரப் பனிக்கத்திகள்.
போகிறவர்கள் நின்று படம் பிடிக்கும் அழகு.
காசு கொடுத்து வாங்கிய சூடு
ஓட்டைகள் வழியே ஏறி
வானத்தைக் காய்ச்சுகிற அழகு.

"அது என்ன விலைக்குப் போச்சு?" என்றார் ரெய்னோ ஹார்யு.
அவருக்குத் தெரியாததா.
"சமையலறையில் புதுக் கருங்கல் மேடை," என்றேன்.
"கல்," என்றார். பிறகு,
"கல் சில்லென்றல்லவா இருக்கும்."

விளக்கோடு பரணில் ஏறினோம்.
பழைய செய்தித்தாளை அரைத்த சாம்பல் பஞ்சு,
சுவருக்குச் சுவர்.
வெள்ளத்தை அளக்க ஆற்றில் நடுவதுபோல்
அதில் ஒரு அளவுகோலை நட்டிருந்தார்.
பதினெட்டு அங்குலம்.
பாலம் கட்டியவன்கூட
அப்படிப் பார்த்திருக்க மாட்டான் தன் பாலத்தை.

"அந்தக் கோடை முழுக்க இருமினார்," என்றாள் டெனீஸ் கீழேயிருந்து.
பனிச்சப்பாத்து வந்த பெட்டியில்
பதினொரு வருட எரிவாயு ரசீதுகள்,
மாதவாரியாக, ரப்பர் வளையம் போட்டு.
மூன்று கண்ணாடி ஜன்னல்கள். வெப்பப் பம்பு.
அனல் ஓடுகிறதென்று
செங்கல் வைத்து அடைத்துவிட்ட கணப்பு.

கணப்புக்கு என் படிவத்தில் இடமுண்டு.
இல்லாததால் இரண்டாயிரம் கழித்தேன்.
ஆற்றல் சிக்கனத்துக்கும் ஒரு வரி உண்டு,
ஆனால் அதை நிரப்ப
அப்படிப்பட்ட சுவருக்கு அப்படிப்பட்ட விலையை
அக்கம்பக்கத்தில் முன்பே ஒருவர் கொடுத்திருக்க வேண்டும்.
யாரும் கொடுத்ததில்லை.
முதல் ஆளுக்குச் சாட்சி கிடையாது.
மூவாயிரம் சேர்த்தேன். அவர் செலவழித்தது இருபத்து மூன்று.

ஒப்பந்தத்தில் மூன்று லட்சத்துப் பதினோராயிரம் டாலர்.
நான் எழுதியது மூன்று லட்சத்து ஐந்து.
ரெய்னோ சண்டை போடவில்லை.
என் கோட்டை எடுத்துக் கொடுத்தார்.
வீட்டுக்குள் அதை எப்போது கழற்றினேன் என்றே
எனக்கு ஞாபகமில்லை.

வாரம் கழித்துத் தரகர் பேசினான்.
வாங்குகிற பெண் பின்வாங்கவில்லையாம்.
பா ஹவுவா வாங், ஆஸ்பத்திரியில் இரவுப்பணி.
குறையும் ஆறாயிரத்தைக் கைப்பணத்தில் கட்டுகிறாளாம்.
"பைத்தியம்," என்றான். "ஒரு ரசீதுகூடப் பார்க்கலை."

பகல் மூன்று மணிக்குப் படுக்கையறையில் நின்றாளாம்.
அவள் தூங்குகிற நேரம் அது.
தெருவில் பனி வாரும் வண்டி வந்திருக்கிறது,
கண்ணாடிக்கு அப்பால்
மஞ்சள் விளக்குச் சுழல,
ஒலி நின்றுபோன படம்போல.
கையை ஜன்னலில் வைத்தாளாம், எடுக்கவேயில்லையாம்.

நிசப்தத்தை நான் எழுதவில்லை.
ரெய்னோவும் சொல்லவில்லை; அவர் அளந்தது சூட்டை மட்டும்.

இனி அந்தத் தெருவில் யார் வீட்டை மதிப்பிட்டாலும்
அந்த ஆறாயிரத்தை நான் எடுத்துக் காட்டலாம்.
தூக்கம் கெட்ட ஒருத்தி
என் படிவத்துக்குக் கொடுத்த சாட்சி.

ஹார்யு தம்பதி டூசானுக்குப் போய்விட்டார்கள்,
அவர் முழங்காலுக்கு வெயில் வேண்டுமாம்.
ரசீதுப் பெட்டியை அவளுக்கே விட்டுப் போனார்.
அளவுகோலைக் காணோம்.

இன்று காலை என் வீட்டு இறவாரத்திலிருந்து
ஒரு பனிக்கத்தி விழுந்து
தபால்பெட்டியை நெளித்தது.
கதவிடுக்கில் சுருட்டி வைத்த துண்டைக்
காலால் இன்னும் கொஞ்சம் தள்ளிவிட்டு
வேலைக்குக் கிளம்பினேன்.